மரபணுவுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பவர்கள்

“படிப்பெல்லாம் ரத்தத்துலயே ஊறி வரணும் தம்பி.” திண்டுக்கல் பக்கம் சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போன யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாத்தியார் வாயிலிருந்தோ, வேலைக்குப் போன இடத்து முதலாளி வாயிலிருந்தோ இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். இப்போது வசனத்தில் ஒரே ஒரு சொல் மாறியிருக்கிறது. ரத்தம் போய் ‘ஜீன்’ வந்துவிட்டது. நீட் முடிவு வரும் வாரத்தில் வாட்சப் குழுக்களைத் திறந்தால் தெரியும். “அவங்க ஜீன் அப்படி, நாம என்ன பண்ண முடியும்” என்று இடைநிலைச் சாதி நண்பர்களே பெருமூச்சு விடுகிறார்கள். மனு சொன்னதை நம்ப மறுக்கும் பிள்ளைகள்கூட மரபணு சொன்னதாகச் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

இதற்கு நம் தோழர்கள் பொதுவாகச் சொல்லும் பதில் எனக்கு உடன்பாடானதல்ல. “மூளைக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் சமூகம்தான்” என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். மரபணு இல்லாமல் மூளை இல்லை. இதை நாம் மறுத்தால், அறிவியல் ஏதோ ஆதிக்கச் சாதிகளின் பக்கம் இருப்பதுபோலவும் நாம் அதைக் கண்டு ஓடுவதுபோலவும் ஆகிவிடும். நிலைமை நேர்மாறாக இருக்கிறது.

மூளை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. 5,132 வெட்டுத்துண்டுகளின் படங்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நான்காம் மாதம் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள், நரம்பணுக்கள் பிறந்த இடத்திலிருந்து கிளம்பித் தத்தம் இடத்துக்கு நகர்ந்து போய் அடுக்கடுக்காக உட்காருவதை அந்தப் படங்களில் காணலாம். எந்த அணு எப்போது பிறக்க வேண்டும், எப்போது நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் பெருமளவு மரபணுக்களே இயக்குகின்றன. இந்த அடிப்படை ஏற்பாடு எல்லா மனிதருக்கும் ஒன்றுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மனிதனுக்கு இருக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. ஒவ்வொரு நரம்பணுவும் மற்றவற்றோடு ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் போடுகிறது. இருபதாயிரம் மரபணுக்களில் இத்தனை இணைப்புக்கும் தனித்தனியாகக் கட்டளை எழுதி வைக்க இடமே கிடையாது. ஆகவே மூளை வேறு வழியைக் கையாள்கிறது. குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மிக அதிகமான இணைப்புகளைப் போட்டு வைக்கிறது. பிறகு புழங்குவதை வலுப்படுத்தி, புழங்காததைக் கத்தரிக்கிறது. கத்தரிக்கும் கருவி மரபணு தந்தது. 2016இல் ஹார்வர்டு குழு ஒன்று, சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இந்தக் கத்தரிப்போடு தொடர்புடையவை என்றும், அவற்றால் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்றும் கண்டறிந்தது. ஆனால் எதைக் கத்தரிப்பது, எதை வைப்பது என்பதில் அந்தக் குழந்தை கண்டது, கேட்டது, தின்றது, தூங்கியது, பயந்தது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

மரபணுவே முழு விதியாக இருக்கும் நோயிலும்கூட கதை இப்படித்தான். பினைல்கீட்டோனூரியா என்று ஓர் அரிய நோய். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்தால் குழந்தையின் உடம்பால் புரதத்திலுள்ள ஒரு பொருளைச் செரிக்க முடியாது. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்தப் பொருள் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். மரபணு மாறவில்லை, தட்டு மாறியது. இந்த ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை நம் நாட்டில் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு “போன ஜென்மத்துப் பாவம்” என்ற ஆறுதல் மட்டும் கிடைக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

“சரி, இரட்டையர் ஆய்வுகள் அறிவு பாதிக்குப் பாதி பரம்பரை என்கின்றனவே?” என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, மறைக்க வேண்டாம். அந்த ‘பாதி’ எதைக் குறிக்கிறது என்பதுதான் கேள்வி. வேடசந்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை விதை அள்ளுங்கள். ஒரு கையை சொட்டுநீர் போட்ட, தொழு உரம் கொட்டிய செம்மண் தோட்டத்தில் விதையுங்கள். இன்னொரு கையைக் கரட்டோர மானாவாரியில் விதையுங்கள். தோட்டத்துக்குள் ஒரு தட்டைக்கும் இன்னொரு தட்டைக்கும் உள்ள உயர வேறுபாடு விதையால் வந்தது, ஏனென்றால் மண்ணும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்று. கரட்டுக்குள்ளும் அப்படித்தான். ஆனால் தோட்டத்துக்கும் கரட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க முழுக்க மண்ணால் வந்தது. அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1970இலேயே இதே சோளக்கதையைச் சொல்லிவிட்டார். ஒரு குழுவுக்குள் இருக்கும் வேறுபாட்டில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு என்ற எண்ணை எடுத்துவந்து, இரண்டு குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்க முடியாது. அக்கிரகாரத்தையும் சேரியையும் ஒப்பிட அந்த எண் செல்லாது.

இன்னொன்று, அந்த எண் நிலையானதும் அல்ல. எரிக் டர்க்ஹைமர் என்ற உளவியலாளரின் குழு 2003இல் ஏழு வயது அமெரிக்க இரட்டையர்களை ஆராய்ந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு பெரிதாக இருந்தது. வறிய வீட்டுப் பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. கரட்டில் விதைத்தால் நல்ல விதை எது என்றே தெரியாமல் போகும் அல்லவா, அதுபோல. பிற்பாடு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த ஏற்றத்தாழ்வு அமெரிக்காவில் தென்பட்டது, மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்படவில்லை. அங்கே மருத்துவமும் பள்ளிக்கூடமும் ஏழைக்கும் ஓரளவு ஒழுங்காகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, மரபணு வேலை செய்வதற்கே சமூகநீதி தேவைப்படுகிறது. தகுதி, திறமை என்று கூவுகிறவர்கள் உண்மையிலேயே திறமையைத்தான் தேடுகிறார்கள் என்றால், முதல் ஆளாக வந்து சத்துணவுக்கும் அரசுப் பள்ளிக்கும் கொடி பிடித்திருக்க வேண்டும்.

2022இல் முப்பது லட்சம் பேரின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று வந்தது. ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதில் உள்ள வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டை மரபணு மதிப்பெண்ணால் கணிக்க முடிந்தது. அந்த முப்பது லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். வேறு வம்சாவளியினரிடம் அந்த மதிப்பெண்ணின் கணிப்பு படுத்துவிடுகிறது. ஒரே வீட்டு உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டால் அதன் பலம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் மீதிப் பாதி வீட்டின் வசதியும் பெற்றோரின் நிலையும்தான், மரபணு வேடம் போட்டு வந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரத்துப் பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்கிறவர் கிளிஜோசியக்காரரைவிட மோசம். கிளியாவது சீட்டை மாற்றி எடுக்கும்.

இதையெல்லாம் அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே எதிர்கொண்டார். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அழைத்து, பிறகு உரையைக் கண்டு பயந்து மாநாட்டையே ரத்து செய்தது. அவர் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். ‘சாதி ஒழிப்பு’ என்ற அந்த நூலில், சாதி என்பது இனத்தூய்மையைக் காக்கும் உயிரியல் ஏற்பாடு என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு, மரபியலாளர் வில்லியம் பேட்சனையே சாட்சிக்கு அழைக்கிறார். ‘ஜெனெடிக்ஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் பேட்சன். உயர்ந்த மன ஆற்றல்கள் ஏதோ ஓர் ஒற்றைக் கூறாகப் பரம்பரை வழி இறங்குவதில்லை என்பதை அவர் வழியாக நிறுவிவிட்டு அம்பேத்கர் கேட்கும் கேள்விதான் எனக்குப் பிடித்தது. கலப்பு மணத்தைத் தடுப்பது ரத்தத் தூய்மைக்காக என்றே வைத்துக்கொள்வோம், கூடி உண்பதை ஏன் தடுக்கிறீர்கள், சோற்றால் ரத்தம் கெடுமா என்று கேட்கிறார். தொண்ணூறு ஆண்டு ஆகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று ஊரார் தடுத்தபோதும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

மரபணுவில் சாதி எதையுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. ஐதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தத் துணைக்கண்டத்து மக்கள் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதன்பிறகு கதவு சாத்தப்பட்டது. அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916இல் கொலம்பியாவில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரைக்கு மரபணுவில் கிடைத்த சான்று இது. கதவு சாத்தியதன் விளைவு என்ன? 2017இல் வந்த தொடராய்வு 263 தெற்காசியக் குழுக்களைப் பரிசோதித்ததில், 81 குழுக்கள் மிகச் சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து வந்து தமக்குள்ளேயே மணந்துகொண்டு இருப்பதாகக் கண்டது. அப்படிப்பட்ட கூட்டத்தில் தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நோய்கள் பலவும் அப்படி வருபவை. இதில் நெருங்கிய சொந்தத்தில் முடிக்கும் வழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை. மாமன் மகள், அக்கா மகள் என்று உரிமை கொண்டாடுவதில் நம் பக்கமும் குறைச்சலில்லை. ஆக, ‘சுத்த ரத்தம்’ என்று பீற்றிக்கொண்டதற்கு உயிரியல் கொடுத்த பரிசு அறிவல்ல, நோய்.

இங்கே நம் இளம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. அண்மைக் காலமாக ‘எபிஜெனெடிக்ஸ்’ என்ற சொல் நம் மேடைகளில் அடிபடுகிறது. ஈராயிரம் ஆண்டு ஒடுக்குமுறையின் காயம் தலித் மக்களின் மரபணுவிலேயே பதிந்து தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்கிறார்கள். 1944-45 டச்சுப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களின் உடம்பில் அறுபது ஆண்டு கழித்தும் அந்தப் பட்டினியின் தடம் இருந்தது உண்மை. அது அந்தக் கருவே நேரடியாகப் பட்ட பட்டினி. பல தலைமுறை தாண்டி மனிதர்களில் அப்படி இறங்குகிறது என்பதற்கான சான்று மிகப் பலவீனமானது. சான்று ஒருபுறம் இருக்கட்டும், அரசியலாகவே இது ஆபத்து. “உங்க ரத்தத்துலயே இல்லை” என்றவனுக்குப் பதிலாக “எங்க ரத்தத்துலயே காயம் இருக்கு” என்று நாமே எழுதிக் கொடுப்பதா? காயம் இன்றைக்கு, இந்த வகுப்பறையில், இந்தத் தட்டில் நடக்கிறது. ஆகவே இன்றைக்கே நிறுத்தவும் முடியும்.

தட்டிலிருந்து தொடங்கலாம். அதே குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, 57 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. இரும்புச்சத்து கைகால் வலுவுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். நரம்பைச் சுற்றி மயலின் உறை போடவும், டோபமின் சுரக்கவும் இரும்பு வேண்டும். முதல் இரண்டு ஆண்டில் தட்டுப்பட்டால் பிற்பாடு மாத்திரை கொடுத்தும் முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை. அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் என்ற பொருளியலாளர்கள், தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் இடங்களில் தலித் குழந்தைகளின் உயரக்குறைவும் அதிகமாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். மரபணு காரணமென்றால் பக்கத்து ஊரின் தீண்டாமை அளவுக்கேற்ப உயரம் ஏன் மாற வேண்டும்?

வகுப்பறை எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமங்களில் நடத்திய சோதனையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேர், பாதிப்பேர் ஆதிக்கச் சாதி, பாதிப்பேர் ஒடுக்கப்பட்ட சாதி. சிக்கலான பாதைப் புதிரைத் தாளில் தீர்க்க வேண்டும், தீர்த்ததற்கேற்பக் காசு. சாதி எதுவும் சொல்லாமல் உட்கார வைத்தபோது இரண்டு தரப்பும் சமமாகத் தீர்த்தன. இன்னொரு அறையில் ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பன் பெயர், தாத்தன் பெயர், சாதி எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் மதிப்பெண் சரிந்தது. மரபணு அதேதான், மூளை அதேதான். நம்மூர்ப் பள்ளிகளில் கல்வி உதவித்தொகைப் படிவத்துக்காக “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரி” என்று சொல்லும் வழக்கத்தை இந்தச் சோதனையோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பரம்பரைக் கோட்பாடு ஒருமுறை அரசாணையாகவே வந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டி எரிமலையாக எழுந்தார். 1954இல் ராஜாஜியின் பதவியோடு திட்டமும் போனது. அது நிலைத்திருந்தால் திண்டுக்கல்லில் பேகம்பூர் தோல்ஷாப்புத் தொழிலாளியின் பிள்ளை தோலுக்கும், பூட்டுப்பட்டறைக்காரர் பிள்ளை அரத்துக்கும், சின்னாளபட்டி நெசவாளி பிள்ளை தறிக்கும் போயிருக்கும், நாமும் இன்றைக்கு “பூட்டு செய்யிறது அவங்க ஜீன்” என்று பேசிக்கொண்டிருப்போம். அந்த ஆவி இன்னும் அலைகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பள்ளி நேரம் போக ‘குடும்பத் தொழிலில்’ உதவலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

பதினான்குக்கு மேலே இன்னும் மோசம். குழந்தையின் மூளை ஐந்து வயதில் முடிந்துவிடுகிறது என்ற நினைப்பை 1999இல் ஜே கீட் என்பவரின் குழு உடைத்தது. அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்ததில், திட்டமிடவும் பொறுத்திருந்து முடிவெடுக்கவும் வேண்டிய நெற்றிப்பகுதி மூளையின் சாம்பல்நிறப் பகுதி பெண்களுக்கு 11 வயதிலும் ஆண்களுக்கு 12 வயதிலும் உச்சத்தைத் தொட்டு, பிறகு கத்தரிப்பு நடந்து மெல்ல மெல்லக் குறைவது தெரிந்தது. இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நீள்கிறது. இந்தியாவிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று, ரிஷிவேலி முதல் இம்பால்வரை ஏழு மையங்களில் 6 முதல் 23 வயதுவரையிலான ஆயிரக்கணக்கானோரை ஆராய்கிறது. வளரிளம் பருவத்தில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, தூக்கம் வர நேரமாகிறது, எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும் தேவைப்படுகிறது.

இந்த வயதில்தான் வேடசந்தூர்ச் சுற்றுவட்டார நூற்பாலைகள் எங்கள் பெண்பிள்ளைகளை வேனில் வந்து அள்ளிக்கொண்டு போயின. ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும் என்ற ஆசை காட்டல். போனவர்களில் பெரும்பாலோர் தலித் வீட்டுப் பிள்ளைகள். வளரிளம் பெண்களை இரவு வேலையில் வைக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனாலும் இரவு ஷிப்டு ஓடியது. பஞ்சுத் தூசி, இயந்திர இரைச்சல், மூன்று ஷிப்டாகக் கலைந்த தூக்கம், மேஸ்திரியின் கண், வெளியே போக அனுமதியில்லாத விடுதி. மூளை தன்னை இறுதியாகச் செதுக்கிக்கொள்ளும் ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த சூழல் இது. இருபது வயதில் திரும்பி வந்த பெண்ணிடம் கவனக்குறைவும் பதற்றமும் இருந்தால், அதற்கும் பரம்பரையைக் காரணம் சொல்ல ஆளிருக்கிறது. பெயர் மாறினாலும் விடுதி முறை ஒழிந்துவிடவில்லை. இதே வட்டாரத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021இல் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022இல் வாங்கிய ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ பாலின வன்முறையோடு சாதிய வன்முறையையும் ஆலைக்குள் பெயர் சொல்லித் தடுக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் உலகத் தொழிற்சங்க வரலாற்றில் ஏறியது பூட்டால் அல்ல, இதனால்.

செய்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஜமைக்காவைக் காட்டலாம். 1986-87இல் கிங்ஸ்டன் நகரச் சேரிகளில் உயரம் குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் விளையாடிப் பேசினார், இரண்டு ஆண்டு. பொம்மைகள்கூட வீட்டுச் சாமான்களில் செய்தவை. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். உயரம் குன்றாத பிள்ளைகளை எட்டிப் பிடித்திருந்தார்கள். நம்மிடம் ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பணியாளர் தலையில் கணக்கெடுப்பு முதல் தேர்தல் வேலைவரை கட்டிவிட்டு, பிள்ளையோடு விளையாட அவருக்கு நேரமில்லாமல் செய்து வைத்திருக்கிறோம்.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். மறுநாளிலிருந்து பிள்ளைகள் உப்புமா தட்டோடு உட்கார்ந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினொரு வயது, மேலே சொன்ன இரண்டாம் கட்டம் தொடங்கும் அதே வயது. நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ விடியலில் பூப்பறித்துவிட்டு, அம்மா களையெடுக்கப் போன வீட்டிலிருந்து பழைய சோறும் இல்லாமல் பஸ் ஏறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் சோறு மதியம்தான். பத்தாம் வகுப்பு தாண்டினால் அந்த மதியச் சத்துணவும் கிடையாது. நீட்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் ‘தகுதி’ அளக்கப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் அரசு அந்த மூளைக்குப் போடும் சோறு ஒரு வேளைகூட இல்லை. காலை உணவைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டுங்கள், சத்துணவையும் அதுவரை கொண்டுபோங்கள், ஆதிதிராவிடர் நல விடுதிகளின் உணவுப்படியை விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்துங்கள் என்று கேட்போம். மரபணுவைப் பற்றி யார் பேச வந்தாலும் இந்த மூன்றுக்கும் முதலில் பதில் சொல்லிவிட்டு வரட்டும்.